குழாய்க்குள் ஒரு தாமதம்: நீலகிரி நீர்மின் நிலையங்களும் துருவ நிறுவலின் வரலாறும்

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலில் வெலிங்டனுக்கு அடுத்த நிலையம் அருவங்காடு. அங்கே நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலைக்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே காட்டேரி அருவியின் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். வெலிங்டனின் பெயரைச் சொன்னால் ராணுவக் குடியிருப்பும் பணியாளர் கல்லூரியும் நினைவுக்கு வருமே தவிர, மலைச்சரிவில் இறங்கும் நீரை விசையாக மாற்றும் முயற்சி அதன் அண்டையிலேயே இவ்வளவு முன்னதாக நடந்தது என்பது பலர் நினைவில் இருப்பதில்லை. மின்வாரிய வரலாற்றை எழுதியவர்கள் நீலகிரியின் நிலையங்களை ஆண்டு வாரியாகவும் மெகாவாட் வாரியாகவும் பதிந்திருக்கிறார்கள். அந்த நிலையங்களுக்குள் இருந்த கணிதச் சிக்கல் கட்டுப்பாட்டியலின் மையச் சிக்கல்களில் ஒன்று. மேலே திறக்கும் மதகுக்கும் கீழே சுழலும் சக்கரத்துக்கும் இடையில் நீர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது. தாமதம் உள்ள அமைப்புகளில் துருவங்களை விரும்பிய இடத்தில் நிறுவுவது எப்படி என்ற கேள்வியின் வரலாற்றை, பைக்காராவை அருகில் வைத்துக்கொண்டு இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கிளென்மார்கனில் உள்ள ஃபோர்பே என்ற முன்தேக்கத்திலிருந்து எஃகுக் குழாய்கள் சரிவில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தை அடைகின்றன. நீர் விழும் உயரம் 3,080 அடி, அதாவது சுமார் 939 மீட்டர். கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகிய காலம் அது. பைக்காராவின் மின்சாரம் அவற்றுக்குப் போனது. மேட்டூர், பாபநாசம் நிலையங்களுடன் இணைந்த வலைப்பின்னல் பின்னால் வந்ததுதான். தொடக்கத்தில் பைக்காரா தனித்து நின்ற நிலையம். ஒரு ஆலையில் சங்கு ஊதி இயந்திரங்கள் ஒருசேர ஓடத் தொடங்கினாலும், மின்னல் தாக்கி ஒரு வழித்தடம் அறுபட்டாலும், அந்த மாற்றத்தைச் சிங்காராவின் சக்கரங்களே தாங்கியாக வேண்டும். சக்கரத்தின் வேகத்தைக் கவனித்து நீரைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் என்ற கருவியின் மேல் ஒரு மாவட்டத்தின் தொழிலே நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. குழாயின் அடியில் வால்வைச் சற்றே மூடினால் அங்கே அழுத்தம் எழுகிறது. அந்தச் செய்தி அலையாக மேலே போய், ஃபோர்பேயின் திறந்த நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி வந்த பிறகுதான் குழாயிலுள்ள நீர் முழுதும் புதிய நிலைக்கு இசையத் தொடங்குகிறது. எஃகுக் குழாய் நீரில் இந்த அலையின் வேகம் நொடிக்கு 1,000 முதல் 1,200 மீட்டர் வரை. குழாயின் நீளம் அதன் உயரத்தைவிடக் குறைவாக இருக்க முடியாது. சரிவில் படுத்து இறங்குவதால் நிச்சயம் கூடுதலாகவே இருக்கும். ஆகவே பைக்காராவில் ஒருவழிப் பயணத்துக்கே குறைந்தது முக்கால் நொடி, போய்த் திரும்ப ஒன்றரை நொடிக்கு மேல். ஒன்றரை நொடி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சுமை முழுதும் திடீரென அறுந்தால், அந்த ஒன்றரை நொடிக்குள் சக்கரம் ஆபத்தான வேகத்துக்குப் போய்விடும்.

அவசரப்பட்டு வால்வை மூடவும் வழியில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் நூறு மீட்டர் நீர்மட்டத்துக்கும் அதிகமான கூடுதல் அழுத்தம் பிறக்கும். பொறியாளர்கள் வாட்டர் ஹாமர் என்று அழைக்கும் இந்நிகழ்வின் அடிப்படை உறவை ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்டார். இத்தாலியின் லொரென்சோ அல்லியெவி 1902-லும் 1913-லும் முழுக் கோட்பாட்டை எழுதினார். பைக்காரா கட்டப்பட்டபோது இவை பொறியாளர்களின் கையில் இருந்த அறிவு.

இனிக் கணிதத்தின் பக்கம். ஒரு கட்டுப்பாட்டு அமைப்பைச் சற்றுக் கலைத்துவிட்டால் அது எப்படித் தன்னிலைக்குத் திரும்புகிறது என்பதைச் சில எண்கள் முடிவுசெய்கின்றன. அவையே அதன் துருவங்கள். சிக்கலெண் தளத்தில் ஒரு துருவம் இடப்பாதியில் இருந்தால் அதற்குரிய அசைவு தேய்ந்து மறையும். எவ்வளவு இடப்புறம் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு விரைவாக மறையும். வலப்பாதியில் ஒரே ஒரு துருவம் இருந்தாலும் அசைவு வளர்ந்துகொண்டே போகும். இந்த அறிவின் பிறப்பிடமே கவர்னர்தான். மாக்ஸ்வெல் 1868-இல் கவர்னர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, நிலைத்தன்மை என்பது ஒரு பல்லுறுப்புக்கோவையின் மூலங்களின் கேள்வி என்று காட்டியது. உயர்படிக் கோவைகளுக்குப் பொதுவிதி அவருக்குக் கிட்டவில்லை. 1877-இல் ரவுத் அதைத் தந்தார்.

மலைநாட்டுக்காரர்கள் நெருக்கமாக உணரத்தக்க ஒரு நிகழ்வு அதற்குப் பின் நடந்தது. சூரிச்சில் பேராசிரியராக இருந்த ஆரெல் ஸ்டொடோலா, உயர்ந்த இடத்திலிருந்து குழாயில் இறங்கும் நீரால் ஓடும் டர்பைன்களின் கட்டுப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாய் நீரின் நிலைமத்தைச் சேர்த்ததும் சமன்பாட்டின் படி உயர்ந்தது. மூலங்களைக் காணாமலேயே நிலைத்தன்மையை அறிய வழி உண்டா என்று தம் சக பேராசிரியர் அடால்ஃப் ஹுர்விட்ஸிடம் கேட்டார். ரவுத்தின் முடிவு இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஹுர்விட்ஸ் 1895-இல் தந்த விடை இன்று உலகெங்கும் பொறியியல் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கற்பிக்கப்படுகிறது. அது முதலில் கைகொடுத்த இடம் டாவோஸ் என்ற ஆல்ப்ஸ் மலை நகரத்தின் டர்பைன் நிலையம். நம் மாணவர்கள் ரவுத்–ஹுர்விட்ஸ் விதியை வெறும் அட்டவணைப் பயிற்சியாக மனனம் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. மலைக்குழாய் நீரிலிருந்து பிறந்த விதி அது என்பதை நீலகிரியைச் சுட்டிக்காட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால் ஹுர்விட்ஸின் விதி தாமதத்தைத் தொடவில்லை. ஸ்டொடோலாவின் சமன்பாடுகளில் நீர் ஒரே கட்டியாக நகரும் கம்பிபோல் கொள்ளப்பட்டது. அலை போய்வரும் நேரம் அங்கே இல்லை. அதைச் சேர்த்த கணமே கோவையின் இயல்பு மாறிவிடுகிறது. தாமதம் கணிதத்தில் அடுக்குக்குறிச் சார்பாக நுழைகிறது. மூன்றாம் படிக் கோவைக்கு மூன்று மூலங்கள். அடுக்குக்குறி கலந்த கோவைக்கு முடிவிலி மூலங்கள். திருப்பக்கூடிய குமிழ்கள் கவர்னரில் இரண்டோ மூன்றோ இருக்க, நிறுவ வேண்டிய துருவங்கள் எண்ணற்றவை. இந்த ஏற்றத்தாழ்வுதான் இத்துறையின் எல்லாச் சிரமங்களுக்கும் வேர்.

மிக எளிய ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஓர் அளவு எவ்வளவு பிழையாக இருக்கிறதோ அதற்கு விகிதமான வேகத்தில் அதைத் திருத்துகிறோம். தாமதம் இல்லையென்றால் துருவம் ஒன்றே. திருத்தத்தின் வலிமையைக் கூட்டக் கூட்ட அது இடப்புறம் எவ்வளவு தூரமும் போகும். இப்போது பிழையை நாம் அறிவது ஒரு தாமதத்துக்குப் பிறகு என்று வையுங்கள். வலிமையையும் தாமதத்தையும் பெருக்கிவரும் எண் 0.37-ஐ எட்டும்போது முன்னணித் துருவங்கள் இரண்டு ஒன்றாகச் சேர்கின்றன. அதுதான் கிடைக்கக்கூடிய சிறந்த நிலை. துருவத்தின் இடம் கழித்தல் ஒன்றைத் தாமதத்தால் வகுத்தது. தாமதம் 2 நொடி என்றால் −0.5. வலிமையை மேலும் கூட்டினால் துருவங்கள் பிரிந்து வலப்புறம் திரும்பும், அமைப்பு ஊசலாடும். அந்தப் பெருக்கம் 1.57-ஐத் தாண்டினால் ஊசலாட்டம் வளரத் தொடங்கும். எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளரானாலும் இந்த எளிய திருத்தத்தைக் கொண்டு −0.5-க்கு அப்பால் போக முடியாது. தாமதம் ஒரு வேலியைப் போட்டுவிடுகிறது.

இந்த வேலியை முதலில் முறையாக அளந்தவர்கள் 1930-களின் ஆய்வாளர்கள். பைக்காரா ஓடத் தொடங்கிய அதே 1932-இல்தான் ஹாரி நைக்விஸ்ட் தம் அதிர்வெண் வழி விதியை வெளியிட்டார். தொலைபேசிப் பெருக்கிகளுக்காக எழுதப்பட்டாலும் தாமதம் உள்ள அமைப்புக்கும் அது அப்படியே பொருந்தும். மான்செஸ்டரில் காலண்டர், ஹார்ட்ரீ, போர்ட்டர் மூவரும் கட்டுப்பாட்டு அமைப்பில் காலத்தாமதம் என்ற பொருளில் 1936-இல் வெளியிட்ட ஆய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தைத் துணைக்கொண்டு இந்தக் கேள்வியை நேரடியாகத் தொட்டது. 1942-இல் ரஷ்யாவில் பொன்ட்ரியாகின், அடுக்குக்குறி கலந்த கோவைகளின் மூலங்கள் எல்லாம் இடப்பாதியில் இருப்பதற்கான நிபந்தனையை நிறுவினார். ஹுர்விட்ஸ் விட்ட இடத்திலிருந்து கணிதம் அடுத்த படி ஏற 47 ஆண்டுகள் ஆயின.

சிங்காரா அதற்காகக் காத்திருக்கவில்லை. அங்குள்ள பெல்டன் சக்கரத்தில் நீர் குழாயின் நுனியிலிருந்து தாரையாகப் பாய்ந்து, கிண்ணங்களில் மோதுகிறது. தாரைக்கும் சக்கரத்துக்கும் இடையில் டிஃப்ளெக்டர் என்ற ஒரு தகட்டை வைத்தார்கள். சுமை அறுந்தால் அந்தத் தகடு ஓரிரு நொடியில் தாரையைத் திசைதிருப்பிவிடும். குழாயில் நீர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தம் எழாது. பின்னர் ஊசி வால்வு நிதானமாக மூடும். கட்டுப்பாட்டியலின் மொழியில் இதைச் சொன்னால், தாமதத்தை வென்றார்கள் என்பதைவிடத் தாமதம் உள்ள பாதையையே சுற்றிக்கொண்டு போனார்கள் என்பதே சரி. துருவங்களை நகர்த்த முடியாத இடத்தில் இயந்திரத்தை மாற்றி அமைத்தார்கள். இது பைக்காராவுக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு அன்று. உயர்வீழ்ச்சி நிலையங்களின் உலகளாவிய வழக்கம். ஆனாலும் இத்தனை உயரத்தில் அதன் தேவை தவிர்க்க முடியாததாக இருந்தது.

டிஃப்ளெக்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அது நீரைத் தள்ளிவிடத்தான் உதவும், வரவழைக்க உதவாது. சுமை கூடும்போது ஊசி வால்வு திறந்தே ஆகவேண்டும், குழாய் நீர் முடுக்கம் பெற்றே ஆகவேண்டும். அப்போது ஒரு விபரீதம் நடக்கிறது: வால்வைத் திறந்ததும் குழாயடியின் அழுத்தம் விழுவதால் திறன் கூடுவதற்கு முன் குறைகிறது. இலட்சிய டர்பைனுக்கான எளிய கணக்கில், வால்வைத் திடீரென 10 விழுக்காடு திறந்தால் திறன் அந்தக் கணத்தில் 20 விழுக்காடு இறங்கி, பிறகே மெல்ல ஏறி 10 விழுக்காடு கூடுதலில் நிற்கும். அதிக மின்சாரம் கேட்ட ஆலைக்கு முதலில் கிடைப்பது குறைந்த மின்சாரம்.

இதைச் சமாளிக்கக் கவர்னரின் பெருக்கத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும் டாஷ்பாட் என்ற எண்ணெய்க் கலம் சேர்க்கப்பட்டது. அதை எந்த அளவில் அமைப்பது என்பது நெடுநாள் பட்டறிவாகவே இருந்தது. 1950-களில் அமெரிக்காவின் ஹென்றி பெய்ன்டரும், 1962-இல் கனடாவின் மானிடோபா நிலையங்களுக்காக ஹோவியும் அதற்கு எண்களைத் தந்தார்கள். இரண்டு காலங்களை ஹோவி எடுத்துக்கொள்கிறார்: குழாய் நீர் வேகம் பெற எடுக்கும் காலம் ஒன்று, சக்கரமும் மின்னாக்கியும் வேகம் பெற எடுக்கும் காலம் மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்து இரண்டால் பெருக்கினால், பெருக்கத்தைத் தணிக்கும் அளவான தற்காலிக டிரூப் கிடைக்கும். டாஷ்பாட்டின் மீட்சிக் காலம் நீர்க்காலத்தைப் போல் 4 மடங்கு. இந்த எண்களை வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நீர்க்காலம் ஒரு நொடி என்று கொண்டால் மூன்று துருவங்கள் வருகின்றன: ஒன்று −0.5-இல், மற்ற இரண்டும் மெய்ப்பகுதி −0.25, கற்பனைப் பகுதி 0.66 கொண்ட இணை. அசைவு இரண்டொரு ஊசலில் அடங்கி, ஏறக்குறைய 16 நொடியில் அமைதியாகிவிடும். பட்டறிவு விதி என்று கையேடுகளில் நிற்பது உண்மையில் ஒரு துருவ நிறுவல் என்பதே இதிலிருந்து நான் பெறும் முடிவு. நீலகிரியின் குந்தா திட்டத்தின் முதல் நிலையங்கள் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு எழுந்து, 1960-இல் ஓடத் தொடங்கிய காலமும் இதுவே.

ஆனால் ஹோவியின் கணக்கு நீரைக் கட்டியாகவே கொள்கிறது. மூன்று துருவம் என்பது அந்த எளிமையின் விளைவு. தாழ்ந்த வீழ்ச்சியும் குட்டைக் குழாயும் உள்ள இடங்களில் அது போதும். 939 மீட்டர் இறங்கும் குழாயில் அலையின் போக்குவரத்தைச் சேர்த்தால், இம்மூன்றின் பின்னால் முடிவிலாத் துருவங்கள் வரிசைகட்டுகின்றன. முன்னணித் துருவங்களை மட்டும் பார்த்து எண்களைத் திருப்பினால் பின்னால் நிற்பவற்றில் ஒன்று எல்லை தாண்டிவிடலாம்.

இதே காலத்தில் தாமதம் அற்ற அமைப்புகளுக்கான துருவ நிறுவல் தன் உச்சத்தை அடைந்தது. 1960-இல் கால்மனும் ரிஸ்ஸனெனும், 1967-இல் வொன்ஹாமும் எழுதியவை சேர்ந்து ஒரு பெரிய உண்மையை நிலைநாட்டின: கட்டுப்படுத்தத்தக்க அமைப்பாக இருந்தால், அதன் எல்லா நிலைகளையும் பின்னூட்டமாகக் கொடுத்து எல்லாத் துருவங்களையும் விரும்பிய இடத்தில் வைக்கலாம். 1972-இல் ஆக்கர்மன் அதற்கு ஒரே வரிச் சூத்திரம் தந்தார். தாமதம் உள்ள அமைப்புக்கு இந்த வாக்குறுதி செல்லாது என்பது வகுப்பறைகளில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கும் இந்த வேறுபாடுதான் களத்தில் முதலில் எதிர்ப்படுகிறது.

தாமதத்தை ஏமாற்றும் முதல் துணிச்சலான வழியை 1957-இல் பெர்க்லியின் ஆட்டோ ஸ்மித் சொன்னார். அமைப்பின் கணித மாதிரி ஒன்றைக் கட்டுப்படுத்தியின் உள்ளேயே ஓடவிட்டு, தாமதம் இல்லாதிருந்தால் விளைவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது அவர் வழி. மாதிரி துல்லியமாக இருந்தால் தாமதம் பின்னூட்ட வளையத்துக்கு வெளியே போய்விடுகிறது. துருவங்கள் மறுபடியும் எண்ணத்தக்கவையாகின்றன. குறை என்னவென்றால், தானாகவே நிலையற்ற அமைப்புக்கு ஸ்மித்தின் வழி உதவாது. அந்தக் குறையை 1979-இல் மானிட்டியஸும் ஓல்ப்ராட்டும் நீக்கினர். கடந்த தாமத இடைவெளியில் கொடுத்த கட்டளைகள் அனைத்தையும் தொகையிட்டு, வருங்கால நிலையைக் கணித்து, அதைப் பின்னூட்டமாக்கினால் முடிவிலித் துருவங்களில் சிலவற்றைத் தவிர எல்லாம் மறைந்துவிடும். எஞ்சியவற்றை விரும்பிய இடத்தில் நிறுவலாம். 1982-இல் ஆர்ட்ஸ்டைன் இதன் கீழுள்ள பொது உருமாற்றத்தை விளக்கினார். காகிதத்தில் இது முழு வெற்றி.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அந்தத் தொகையீட்டைக் கணினியில் நடத்தச் சில புள்ளிகளின் கூட்டலாக மாற்றவேண்டும். புள்ளிகளை எவ்வளவு நெருக்கினாலும் அமைப்பு நிலைகுலையக்கூடும் என்று 1999-இல் வான் அஸ்ஷே முதலிய ஆய்வாளர்கள் காட்டினர். துல்லியத்தைக் கூட்டினால் பிழை குறையும் என்ற பொதுநம்பிக்கை இங்கே பொய்த்தது. மறைந்துவிட்டதாகக் கருதிய துருவங்கள் மிக உயர்ந்த அதிர்வெண்களில் மீண்டும் முளைத்து வலப்பாதிக்கு வந்தன. 2003-இல் மோந்தியேயும் மிகியெல்ஸும் தாழ்அதிர்வெண் வடிகட்டி ஒன்றைச் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். இத்துறையின் வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் திருப்பம் இதுதான். கணித நிரூபணத்துக்கும் ஓடும் கருவிக்கும் இடையே உள்ள பள்ளத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்வுகள் குறைவு.

2002-இல் பெல்ஜியத்தின் லூவனில் மிகியெல்ஸும் தோழர்களும் வேறொரு மனநிலையோடு வந்தனர். எல்லாத் துருவங்களையும் நிறுவ முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, மிக வலப்புறம் நிற்கும் துருவங்களை மட்டும் கணித்து, கையிலுள்ள குமிழ்களைச் சிறிது சிறிதாகத் திருப்பி அவற்றை இடப்புறம் நகர்த்துவது. நகர்த்தும்போது பின்னாலிருந்து எது முன்னேறி வருகிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்த்து, அதையும் சேர்த்துப் பிடிப்பது. அதே ஆண்டுகளில் டெக்சாஸில் சில்வா, தத்தா, பட்டாச்சார்யா மூவரும் தாமதம் உள்ள எளிய அமைப்புகளுக்கு நிலைத்தன்மை தரும் பி.ஐ.டி. (விகிதம், தொகையீடு, வகைக்கெழு) கட்டுப்படுத்தி அமைப்புகள் அனைத்தின் எல்லையையும் வகுத்தனர். இதற்கு அடிப்படையாக நின்றது பொன்ட்ரியாகினின் 1942 முடிவு. ஒரு மின்நிலையத்தின் கவர்னர் அறையில் இருப்பவருக்கு இவ்விரண்டு வழிகளும்தான் நேரடியாகப் பயன்படும். அங்கே உண்மையில் கையிலிருப்பவை இரண்டு மூன்று எண்கள்தான்.

பைக்காராவின் இறுதிநிலைத் திட்டமான புஷெப் 2005-இல் 150 மெகாவாட்டோடு ஓடத் தொடங்கியது. அதுவும் உயர்வீழ்ச்சி பெல்டன் நிலையம். டிஃப்ளெக்டரின் பாதுகாப்பு அங்கும் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்வலை நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்திசைந்த பிறகு, தனித்து நின்ற பைக்காராவின் பதற்றம் பழங்கதையாயிற்று என்றும் ஒருவர் வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகிய தமிழ்நாட்டில், நொடிக்கணக்கில் சுமையை ஏற்று இறக்கும் வேலை மறுபடியும் நீர்மின் நிலையங்களின் தோளில்தான் விழுகிறது. அதற்காகவே போர்த்திமந்து, எமரால்டு–அவலாஞ்சி நீர்த்தேக்கங்களுக்கு இடையே 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் வகுக்கப்பட்டது. அதன் 125 மெகாவாட் இயந்திரங்கள் நான்கும் இருதிசையிலும் ஓடும் பிரான்சிஸ் வகை; தாரையும் இல்லை, டிஃப்ளெக்டரும் இல்லை. மேலிருந்து வரும் குழாயின் தாமதத்தோடு கீழ்நோக்கிப் போகும் சுரங்கத்தின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். பைக்காராவில் சுற்றிக்கொண்டு போக முடிந்த பாதையில் குந்தாவில் நேராக நடந்தே ஆகவேண்டும். தாமதத்தோடு கூடிய துருவ நிறுவல் அங்கே அன்றாட வேலையாகிவிடுகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நீலகிரி நிலையங்களின் கவர்னர் சோதனைப் பதிவுகளில் இன்னும் மிஞ்சியிருப்பவற்றை மின்வாரியம் திரட்டிக் காத்து, ஆய்வு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் கட்டுப்பாட்டியல் ஆசிரியர்கள், துருவ நிறுவல் பாடத்தை அருவமான அணிகளோடு தொடங்குவதை விட்டு, கிளென்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு இறங்கும் அந்தக் குழாயின் உண்மையான எண்களோடு தொடங்க வேண்டும்.